பட்டன் கேட்ட பாட்டு

முத்துப்பட்டன் அந்தப் பெண்களைக் கண்ணால் பார்க்கும் முன்பே அவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டான். ஆற்றுத் துறையில் இறங்கி அனுட்டானம் செய்துகொண்டிருக்கிறான். அண்ணன்மார் முன்னே போய்விட்டார்கள். மலைக்காட்டுக்குள் எங்கிருந்தோ இரண்டு குரல்கள் சேர்ந்து வருகின்றன. வாயில் மந்திரம் நின்றுவிடுகிறது. மனுசக் குரலா, வனதேவதையின் குரலா என்று தெரியாமல் அந்தத் திசையில் நடக்கிறான். பாடியவர்கள் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை. மாடு காக்கும் வாலப்பகடையின் மக்கள். அருந்ததியர். பட்டனோ அந்தணன்.

தாமிரபரணிச் சீமைக் கோயில் கொடைகளில் தலைமுறை தலைமுறையாக வில்லடித்துப் பாடிய கதை இது. இலத்தூரில் எங்கள் குடும்ப சாஸ்தா கோயிலில் பட்டவராயனுக்கு ஒரு பீடம் உண்டு. பட்டவராயன் என்பது செத்துத் தெய்வமான முத்துப்பட்டனின் பெயர். 1970-களில், பாவாடை கட்டிய வயதில், அந்தப் பீடத்துக்கு எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்துதான் நான் இந்தக் கதையைக் கேட்டேன்.

அன்றைக்கு வில்லுப்பாட்டு என்றால் இரவு முழுவதும். ஆள் உயரத்தையும் மிஞ்சிய வில்லைக் குடத்தின் மேல் சாத்திக் கட்டியிருப்பார்கள். வில்லில் வரிசையாக வெண்கல மணிகள். அண்ணாவி நடுவில் உட்கார்ந்து இரண்டு கையிலும் வீசுகோலைப் பிடித்து நாணில் அடிக்க, மணி அத்தனையும் ஒன்றாகக் குலுங்கும். பக்கத்தில் ஒருவர் பத்தையால் குடத்தின் வாயில் தட்டுவார். உடுக்கை, ஜால்ரா, கட்டை. இடப்பக்கம் இருப்பவர் ‘ஆமா’ போட்டு அண்ணாவியின் வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார். காப்புப் பாடி, குருவடி பாடி, கதைக்குள் போவதற்கே நெடுநேரம் ஆகும். யாருக்கும் அவசரம் இருக்காது.

பெண்கள் பாடும் இடம் வந்ததும் எங்கள் ஊருக்கு வரும் அண்ணாவி வீசுகோலைக் கீழே வைத்துவிடுவார். நாண் ஓய்ந்து, மணி ஓய்ந்து, உடுக்கை மட்டும் மெல்லக் கேட்கும். அந்தக் கனத்த ஆண்குரல் மெலிந்து, உயர்ந்து, இரண்டு பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொண்டு பாடுகிற மாதிரி ஆகும். பேச்சு நிற்கும். பீடி நிற்கும். நல்ல பாட்டு மனுசனை என்ன செய்யும் என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்த இடம்தான். பின்னால் சபாக்களில் பெரிய வித்வான்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களை மதிக்கிறேன். ஆனாலும் பட்டன் ஏன் அப்படி நடந்துபோனான் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கதையின் பாதி வீரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதில் வாளே கிடையாது. பெண்கள் பயந்து ஓடித் தகப்பனிடம் சொல்கிறார்கள். அவன் ஆயுதத்தோடு வருகிறான். பட்டன் பெண் கேட்கிறான். அந்தணனுக்கு எப்படி மகளைக் கொடுப்பது, நாளைக்கு விட்டுவிட்டுப் போய்விட மாட்டாயா என்று வாலப்பகடை கேட்ட கேள்வி, பெண்ணைப் பெற்ற எவனும் கேட்கிற கேள்வி. குடுமியை அறுக்க வேண்டும், பூணூலை அறுக்க வேண்டும், தோல் வேலை பழகிச் செருப்புத் தைக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. அண்ணன்மார் தடுத்துப் பார்க்கிறார்கள். பட்டன் குடுமியை அறுத்தான், பூணூலை அறுத்தான், செருப்பும் தைத்தான். கொட்டாரக்கரை அரசனிடம் சேவகம் பார்த்த கை அது.

கல்யாணம் பாடும்போது எங்கள் பெண்கள் குலவை போடுவார்கள். அந்தக் குலவை அடங்குமுன்பே, கிடையில் புகுந்து மாட்டைக் களவாடுகிறார்கள் என்று செய்தி வந்துவிடும். முதலிரவில் எழுந்து, வல்லயத்தை எடுத்துக்கொண்டு, நாயோடு போகிறான். மாமனாரின் மாடு இப்போது அவன் மாடு. திருடர்களை வெட்டிச் சாய்க்கிறான். சண்டை முடிந்து ஓடையில் குனிந்து கழுவும்போது ஒளிந்திருந்த ஒருவன் குத்திவிடுகிறான். நாய் வீட்டுக்கு ஓடி அந்தப் பெண்களை அழைத்துவருகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடம் போய் அனுமதி கேட்டு இருவரும் தீயில் இறங்குகிறார்கள். அந்த முடிவை இன்று நான் கொண்டாட மாட்டேன். ஆனால் குத்து விழும் வரியில் எங்கள் சாமியாடிக்கு அருள் வந்து வல்லயத்தோடு எழுந்து நிற்கும்போது, செத்தவன் திரும்பி வந்துவிட்டான் என்று அந்த வயதில் முழுதாக நம்பினேன். அந்த நம்பிக்கைக்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இரவுகளில் ஊர் அருந்ததியர் குடும்பங்களும் கதை கேட்க வரும். பந்தலுக்கு வெளியே, பந்தக்காலில் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்று கேட்பார்கள். உள்ளே பீடத்தில் பட்டவராயனின் இருபுறமும் நிற்பது அவர்கள் வீட்டுப் பெண்கள். வாலப்பகடையின் சொல்லுக்குக் கூட்டமே கண்ணீர் விடும். வாலப்பகடையின் இனத்தாருக்கு உட்காரச் சாக்கு கிடையாது. அந்தக் கயிற்றை யாரும் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்றைக்கு அந்தக் கயிறு இல்லை. நல்லது. பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் உட்கார்ந்து கேட்பதற்குக் கதை இல்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் வில்லுப்பாட்டு. அதிலும் பாதி நன்கொடை கொடுத்தவர் பெயர் வாசிப்பு. பிறகு மேடை மின்னிசைக் குழுவுக்குப் போய்விடும். ஆற்றுத் துறையிலிருந்து ஒரே தாவலில் கல்யாணம், கல்யாணத்திலிருந்து சண்டை. பெண்கள் பாடும் இடத்துக்கு நேரமில்லை. கயிறு இருந்த காலத்தில் பாட்டு முழுசாக இருந்தது. கயிறு அவிழ்ந்த காலத்தில் பாட்டு குறைந்துவிட்டது. இது எனக்கு ஆறவே இல்லை.

போன கொடையில் என் அண்ணன் மகள் நாற்காலியில் சாய்ந்து கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி படிக்கே?”

“தொடர்கதை அத்தே. ஒரு பாடகி. அவ பாட்டைக் கேட்டு வேற உலகத்து வீரன் ஒருத்தன் வாறான். மனுசப் பிள்ளையக் கெட்டுனா அவனுக்குள்ள சக்தியெல்லாம் போயிரும். இருந்தாலும் அவந்தான் வேணும்னு நிக்கான்.”

“உனக்கு எதிர இருக்க பீடத்துல யாரு இருக்காவன்னு தெரியுமா?”

தெரியவில்லை. பட்டவராயன் என்ற பெயர் தெரியும். பொங்கல் வைப்போம் என்று தெரியும். பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்து அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அந்தப் பொண்ணுங்க என்ன பாட்டு அத்தே பாடுனாவ?” அதைத்தான் மேடையிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

அவள் படிக்கிற தொடர்கதைமீது எனக்குக் குறை கிடையாது. மலைக்கு அப்பாலிருந்து வருகிறவன், மனுசப் பெண்ணின் குரலில் கட்டுண்டு தன் பிறப்பை விடுகிறவன், எல்லா நாட்டுக் கதையிலும் இருக்கிறான். இங்கே அவன் விட்டது மாய சக்தியை அல்ல, சாதியை. நம் நாட்டில் இரண்டில் எதை விடுவது கடினம் என்று எனக்குத் தெரியும்.

அவன் நடந்த வழியும் நமக்கு அந்நியமில்லை. கொட்டாரக்கரையிலிருந்து, கதை நடக்கும் பாபநாசம் பக்கம் வருகிறவனுக்கு ஆரியங்காவுக் கணவாய்தான் பக்கத்து வழி. அது செங்கோட்டையில் இறங்குகிறது. இலத்தூர்க் குளக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைதான் அது.

இதே மண்ணில் இன்னொரு தெய்வக் காதலும் பாட்டானது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியில் குற்றாலநாதரிடம் மனதைப் பறிகொடுத்த வசந்தவல்லியைப் பாடினார். மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். 1944-இல் ருக்மிணி தேவி அதைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கினார். இன்று கல்லூரிப் பாடத்திலும் இருக்கிறது. அத்தனைக்கும் அது தகுதியான நூல். முத்துப்பட்டனைப் பாடியவர்களின் பெயர்கூட நம்மிடம் இல்லை. ஆய்வாளர் நா. வானமாமலை இதைத் தேடித் தொகுத்து, 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பதிப்பித்திராவிட்டால் இவ்வளவும் மிஞ்சியிருக்குமா தெரியாது. பாடியவர்களின் வாழ்க்கையும் அப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி, ஆண்கள் ஆண்ட வில்லைச் சிறு வயதிலேயே கையில் எடுத்த பெண், 2018-இல் வறுமையில்தான் மறைந்தார்.

வானமாமலை இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். இப்போது வழங்கும் பாடத்தில், பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் அந்தணப் பெண்கள், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு முன்கதை உண்டு. அது பின்னால் சேர்த்தது என்பது அவர் முடிவு. எனக்கும் அதில் ஐயமில்லை. அந்த முன்கதை உண்மையென்றால் பட்டன் பூணூலை அறுத்ததற்கும் செருப்புத் தைத்ததற்கும் என்ன பொருள்? ஒரு மனிதன் உயிரைக் கொடுத்துச் செய்ததை, பாட்டில் நாலு வரி சேர்த்து அழித்துவிடப் பார்த்திருக்கிறார்கள். சிறுமியாக நான் கேட்டதிலும் அந்த முன்கதை இருந்தது. இரண்டு மணி நேரமாகச் சுருங்கிய பிறகும் அது மட்டும் தவறாமல் வருகிறது.

பட்டவராயனின் மூல இடம் காரையாறு சொரிமுத்தைய்யனார் கோயில். தாமிரபரணி அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆடி அமாவாசைக்கு அப்பா காலத்தில் வண்டி கட்டிப் போய், குடில் போட்டு, நாள்கணக்கில் பொங்கித் தின்றுவிட்டு வருவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராச உடையில் வந்து உட்கார்ந்து காட்சி கொடுப்பார். அப்படி உட்கார்ந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் காலமானார். 1988 முதல் அந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். சொந்த வண்டியை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் போக வேண்டும் என்கிறார்கள், பிளாஸ்டிக் கூடாது என்கிறார்கள். வனத்துறையைத் திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆற்றில் கழற்றிப் போட்ட துணியையும் கரையில் குவிந்த குப்பையையும் பார்த்தவர்கள் திட்ட மாட்டார்கள்.

அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை செருப்பு. தோல் செருப்புகளைக் கொண்டுவந்து சன்னிதியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மறு வருசம் வந்து பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், சேறு ஒட்டியிருக்கும், இரவில் பட்டன் போட்டுக்கொண்டு காட்டைக் காவல் சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. எங்கள் அப்பாவும் கட்டியிருக்கிறார். எல்லாச் சாதிக்காரரும் கட்டுகிறார்கள். வாலப்பகடை தைக்கச் சொன்ன செருப்பு அது என்று கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2025-இல் ஆடி அமாவாசை ஜூலை 24. வழக்கம்போல் கூட்டம், வழக்கம்போல் செருப்பு. மூன்று நாள் கழித்து, ஜூலை 27 அன்று, பாளையங்கோட்டையில் ஒரு பட்டியல் சாதி இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதுதான் காரணம் என்கிறது வழக்கு. படித்து, சென்னையில் மென்பொருள் வேலை பார்த்த பிள்ளை. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் கும்பிடுகிற பட்டன் இன்று உயிரோடு இருந்து, அதே துறையில் அதே பாட்டைக் கேட்டு, அதே பெண்களை மணந்திருந்தால் நம் ஊர்களில் எத்தனை நாள் விட்டுவைத்திருப்பார்கள்? சாமியாகப் பீடத்தில் இருப்பவனுக்குப் பொங்கல் வைப்பவர்கள், மகனாக வீட்டில் இருப்பவன் அதையே செய்தால் அரிவாள் எடுக்கிறார்கள் என்றால், நாம் கதையைக் கேட்கவே இல்லை.

கொடைக் கமிட்டிக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மின்னிசை ஒரு நாள் இருக்கட்டும். வில்லுக்கு ஒரு இரவு முழுதாகக் கொடுங்கள். இன்னும் இருக்கிற அண்ணாவிகளுக்கு மரியாதையான சம்பளம் கொடுங்கள், அவர்கள் பாடுவதைப் பதிவு செய்து வையுங்கள். ஆற்றுத் துறைப் பாட்டை வெட்டாதீர்கள். முன்கதையை விட்டுவிடச் சொல்லுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மக்கள் என்றே பாடச் சொல்லுங்கள்.