மனையகத் தக்காளி: ஒரு சூத்திரமும் உரையும்

குறிஞ்சிக்கு மலை, நெய்தலுக்குக் கடல் என்று நிலம் பகுத்த நம் முன்னோர் மூன்றாம் மாடிக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. அது அவர்கள் குற்றமன்று. அப்போது லிஃப்ட் இல்லை. விடுபட்ட அந்தத் திணையை இக்கட்டுரை நிரப்புகிறது. சன்னலும் சன்னல் சார்ந்த இடமும் 'அடுக்ககம்' எனப்படும். அதன் சிறுபொழுது காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை. கருப்பொருள் கூறின், புள் புறா, பறை குக்கர் விசில், தெய்வம் குடியிருப்போர் சங்கச் செயலாளர், உணா தக்காளி. உரிப்பொருளைப் பின்னர்ப் பேசுவோம். அதில் கொஞ்சம் குடும்பச் சண்டை வருகிறது.

ஆய்வுப் புலம், நங்கநல்லூரில் இக்கட்டுரையாளர் குடியிருக்கும் இரண்டு படுக்கையறை வீடு. மாதிரி அளவு, முதல் முறை ஐந்து செடி. இரண்டாம் முறை ஒன்று. ஒரே செடியை வைத்துக்கொண்டு பொது விதி சொல்லலாமா என்று கேட்பவர்கள், ஒரே மாப்பிள்ளையை வைத்து ஓர் ஊரையே எடைபோடும் தங்கள் உறவினர்களிடம் முதலில் கேட்கட்டும்.

முடிபைச் சூத்திரமாக முன்னே நிறுத்தி உரையைப் பின்னே விரிப்பது மரபு. எனவே:

சன்னல் ஞாயிறும் சாடிநீர் வடிதலும்
விரல்நுனி அதிர்வும் வேளைக்கு அமையின்
மனையகத் தக்காளி மாசியில் சிவக்கும்.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், வீட்டுக்குள் தக்காளி வளர்ப்போர் கருத வேண்டிய மூன்றனையும் அவை கைகூடும் பருவத்தையும் உணர்த்துதல் நுதலிற்று. 'விதையைச் சொல்லவில்லையே' எனின், விதை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நேற்றைய ரசத்தில் காண்க.

மனையகத் தக்காளி

'தக்காளி' என்னும் சொல் இன்றைய தக்காளியைவிடப் பழையது. மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் நம் வேலியோரம் காய்த்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தச் சிவப்புத் தக்காளியின் மூதாதைகள் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கம் காட்டுச் செடியாகத் திரிந்துகொண்டிருந்தன. மெக்சிகோவில் பயிராகி, ஸ்பானியர் கைக்குப் போய், போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியா வந்து சேர்ந்தபோது, சாயலைப் பார்த்துப் பழைய பெயரையே புதிய விருந்தாளிக்கும் சூட்டிவிட்டோம். வங்காளிகள் அவ்வளவு சலுகை காட்டவில்லை. 'பிலாதி பேகுன்' என்றார்கள். சீமைக் கத்தரிக்காய் என்று பொருள். 'சன்னல்' என்னும் சொல்லும் போர்த்துக்கீசியர் கொடுத்ததுதான். செடியையும் கொடுத்து, அதை வைக்கும் இடத்துக்குப் பெயரையும் கொடுத்தவர்கள் வெயிலுக்கு மட்டும் ஏற்பாடு செய்யாமல் போனது தனி ஆய்வுக்குரியது.

வங்காளிகள் சொன்னதில் தாவரவியல் நியாயம் உண்டு. 1753-இல் லின்னேயஸ் தக்காளியைக் கத்தரியோடும் உருளைக்கிழங்கோடும் ஒரே பேரினத்தில் வைத்தார். அடுத்து வந்த பிலிப் மில்லர் அதைத் தனிக்குடித்தனம் அனுப்பினார். இருநூறு ஆண்டுக்கு மேல் தனியாக இருந்துவிட்டு, மரபணுச் சோதனைக்குப் பிறகு தக்காளி மறுபடி கூட்டுக் குடும்பத்துக்கே திரும்பிவிட்டது. இதில் அடுக்ககவாசிகளுக்குப் பாடம் ஏதேனும் உண்டா என்பதைப் பற்றி மனைவியிடம் பேசப்போய் இக்கட்டுரையாளர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பழமா, காயா என்ற வழக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் காய்கறிக்கு இறக்குமதி வரி, பழத்துக்கு இல்லை என்றிருந்த காலத்தில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கறிஞர்கள் அகராதிகளைப் புரட்டிப் படித்தார்கள். 1893-இல், செடிநூல் எப்படிச் சொன்னாலும் மக்கள் சாப்பாட்டோடு உண்பதால் காய்கறியே என்று தீர்ப்பாயிற்று. நம்மிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடித்திருப்போம். தாம்பூலத் தட்டில் தக்காளி வைப்பாருண்டோ? ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கத் தக்காளி வாங்கிப் போவாருண்டோ? இல்லை. ஆகவே காய்.

சன்னல் ஞாயிறு

இச்சொற்றொடரே சூத்திரத்தின் உயிர். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

முதல் ஆய்வு 2023 ஜூலையில் நடந்தது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கம் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்ற மாதம் அது. கடையில் வாங்கிய ஒரு பெங்களூர்த் தக்காளியைப் பிழிந்து, விதையைச் சுற்றியிருந்த வழவழப்புப் போகக் கழுவி உலர்த்தி, தேங்காய் நார்க் கழிவில் ஊன்றினோம். அந்த வழவழப்பு முளைப்பைத் தடுப்பது; ஊர்ப்பக்கம் சாம்பலில் புரட்டி எடுப்பதும் அதைப் போக்கத்தான். (காலாபகோஸ் தீவுகளில் ஒருவகைக் காட்டுத் தக்காளியின் விதை, ராட்சத ஆமை தின்று வெளியேற்றிய பிறகுதான் நன்றாக முளைக்கிறது என்று சார்லஸ் ரிக் என்ற தக்காளி அறிஞர் கண்டார். எங்கள் சங்கத்தில் நாய்க்கே அனுமதி இல்லை. ஆமையைப் பற்றிக் கேட்கவில்லை.) ஏழாம் நாள் ஐந்து முளைத்தன. கூடத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே, டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தோம்.

ஒரு வாரத்தில் ஒரு சாண் உயரம். வீடே பூரித்தது. "நம்ம வீட்டுக் கை ராசி" என்றார் அம்மா. அது வளர்ச்சி அன்று, தேடல். வெளிச்சம் போதாத நாற்று, எங்கேனும் மேலே வெயில் இருக்கும் என்று நம்பித் தண்டை நூலாக இழுத்துக்கொண்டு எழும். நம் கண் இதில் நல்ல பொய்சாட்சி. நடுப்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். டியூப்லைட் எரியும் கூடத்தில் சில நூறு இருந்தாலே அதிகம். கண் இரண்டையும் 'வெளிச்சம்' என்றே சொல்லும். செடி அப்படிச் சொல்லாது. நான்கு நாற்று மடிந்து விழுந்தன. ஐந்தாவது எப்படியோ பிழைத்துச் செப்டம்பரில் பூத்தது; பூ காம்போடு உதிர்ந்தது.

'தெற்குச் சன்னல் இருந்ததே, அங்கே ஏன் வைக்கவில்லை' எனின், வைத்தோம். அங்கே சூரியன் இல்லை. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். மார்கழியிலோ தெற்கே 36 பாகை சாய்ந்து, சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து, கூடத்துத் தரையில் இரண்டு மூன்று அடி வரை வந்து படுக்கும். இருபது ஆண்டு அந்த வீட்டில் குடியிருந்தும் இதைக் கவனித்தது பூனை மட்டுமே. அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை.

தெற்குச் சன்னல் இல்லாதார் விளக்கு வைக்கலாம். ஊதா வெளிச்சம்தான் வேண்டும் என்பதில்லை. 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டி இரண்டை, செடியின் தலைக்கு ஓர் அடி மேலே கட்டி, நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் மாதம் பதினேழு யூனிட்டுக்குள் முடியும். இரவும் பகலும் விடாமல் எரிப்பது கூடாது; தக்காளி இலை அதில் மஞ்சளித்துப் புண்படும். அதற்கும் தூக்கம் வேண்டும்.

இனி உரிப்பொருள். அடுக்ககத்து வெயில் பொதுச் சொத்துப் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் பட்டா உண்டு. இரண்டாம் ஆய்வின்போது தெற்குச் சன்னலை ஏற்கெனவே அனுபவித்துவந்தவை: துணி உலர்த்தும் ஸ்டாண்ட், எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி, அம்மாவின் முழங்கால்.

"செடியை அந்தாண்ட தள்ளுடா. ஜாடி வெயில் பாக்க வேணாமா?"

"ரெண்டு மணி நேரம் போதும்மா அதுக்கு."

"ஊறுகாயைப் பத்தி எனக்கே சொல்லித் தரியா?"

மனைவியின் தரப்பு இன்னும் கூர்மை. "யூனிஃபார்ம் ஈரமா போச்சுன்னா, ஒளிச்சேர்க்கையைப் பத்தி டீச்சர்கிட்ட நீங்களே வந்து விளக்குங்க."

ஊடலும் ஊடல் நிமித்தமும் மருதத்துக்கு உரியவை என்பது பழைய கொள்கை. அது அடுக்ககத்துக்கும் உரித்து என்பது இக்கட்டுரையாளரின் கொள்கை. சமரசம் காஸ் சிலிண்டர் நகர்த்தும் சக்கரத் தட்டின் வடிவில் வந்தது. தொட்டியை அதன்மேல் ஏற்றியதும் தக்காளி உற்சவர் ஆகிவிட்டது. காலையில் கிழக்கு பால்கனி, பதினொன்றரைக்குத் தெற்குச் சன்னல், ஒன்றரைக்கு ஜாடிக்கு வழிவிட்டு ஓரம், இரண்டரைக்கு மறுபடி சேவை. எப்படிக் கூட்டினாலும் ஆறு மணி நேரம் நேர் வெயில் வர வேண்டும். அதற்குக் கீழே போனால் இலைதான் மிஞ்சும். செடி ஒரு பக்கமாகச் சாயாதிருக்க, தொட்டியைத் தினமும் கால் சுற்றுத் திருப்ப வேண்டும்.

சாடிநீர் வடிதல்

'நீர் ஊற்றல்' என்னாது 'வடிதல்' என்றது என்னை எனின், ஊற்றுவதற்கு வீட்டில் ஆள் பஞ்சமில்லை. பன்னிரண்டு அங்குலத் தொட்டி, அடியில் நாலைந்து துளை, செம்மண்ணும் நார்க் கழிவும் மண்புழு உரமும் சமமாகக் கலந்த கலவை. நாற்றை மாற்றி நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைக் கழுத்தளவு புதைத்தால், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். இவ்வளவையும் நூல் முறைப்படி செய்தோம். ஆனாலும் மூன்றாம் வாரம் செடி தொங்கிற்று.

விசாரித்ததில் தெரிந்தது: அம்மா அரிசி கழுவிய தண்ணீர், மனைவி வடிகட்டிய டீத்தூளும் தண்ணீரும், மகள் பள்ளியிலிருந்து மீந்து வந்த பாட்டில் தண்ணீர், இரவில் இக்கட்டுரையாளர் முறைப்படி ஒரு குவளை. நாளுக்கு நான்கு வேளை. மூழ்கிய வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் செடி வாடும். தாகத்திலும் அப்படியே வாடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் மேலும் ஊற்றுவார்கள். வீட்டுத் தக்காளிச் சாவுகளில் பெரும்பகுதி அன்பினால் நேர்வது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பரிகாரம்: சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும், துளை வழியே வடியும் வரை ஊற்றுதல். ஊற்றும் உரிமை ஒருவருக்கே. எங்கள் வீட்டில் அது மகளுக்குப் போனது. தேர்தல் நியாயமாக நடந்தது என்று சொல்ல முடியாது.

ஒருநாள் வெள்ளமும் மூன்று நாள் வறட்சியுமாக ஊற்றினால் காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல இறுகும். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத கோளாறு அது. உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஓடு மண்ணில் கரைய மாதங்கள் ஆகும். சத்தைச் சுமந்துபோவது தண்ணீர், அதை ஒழுங்காக ஊற்றினால் போதும். வெள்ளை ஈக்கு, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுக.

விரல்நுனி அதிர்வு

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே மஞ்சள் குடுவைக்குள் குடியிருக்கின்றன. மகரந்தம் குடுவையின் உள்ளே அடைபட்டிருக்கும், அசைத்தால்தான் உதிரும். வெளியே காற்று அசைக்கும், அல்லது வண்டு பூவைக் கவ்விக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவிடும். அந்த ரீங்காரம் நொடிக்கு 200 முதல் 400 அதிர்வு. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மேல் ஸட்ஜம் 261. ஆகவே, மார்கழிக் கச்சேரியைச் செடிக்கருகில் வைத்தால் காய் பிடிக்குமா என்று சோதித்தோம். பிடிக்கவில்லை. கேள்வி ஞானம் போதாது. தொட்டு அதிர்விக்க வேண்டும். காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை மோர்சிங் மீட்டுவதுபோல நுனிவிரலால் மூன்று நான்கு தட்டு. பேட்டரி பல்துலக்கி இன்னும் நன்று. ஆனால் பிறகு அதைப் பல்லுக்கு எடுக்கக் கூடாது.

வேளைக்கு அமையின் மாசியில் சிவக்கும்

நல்ல வேளையும் சூரியன் வைத்ததே. ஐப்பசிக் கடைசி, கார்த்திகை முதலில் விதைத்தால் மார்கழியில் மாற்றி நட்டு, தையில் பூக்கும். சென்னையில் இரவு 21, 22 பாகைக்கு இறங்குவது அப்போதுதான்; பூ நிற்கும். சித்திரை வைகாசி இரவுகளின் புழுக்கத்தில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பழுத்தாலும் 30 பாகைக்கு மேல் சிவப்புச் சாயம் சரியாக ஏறாமல் மஞ்சள் பூத்து நிற்கும். ரகம், பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1. தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்தது. ஓரளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குணம். சன்னல் கம்பியைத் தாண்டி மேல்வீட்டுக்குப் போகாது.

மாசி முதல் வாரம் காயில் வெளிறிய கோடு விழுந்தது. அந்த நிலையில் பறித்து அரிசி டப்பாவில் வைத்தாலும் பழுக்கும்; காய் தன் எத்திலீனைத் தானே விட்டுக்கொள்ளும். ஆனால் நாங்கள் பறிக்கவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு எட்டு நாள் இருந்தோம். இருத்தல் முல்லைக்கு உரியது; அதையும் இத்திணை கடன் வாங்குகிறது.

மொத்தம் ஒன்பது பழம். அடி கறுத்தது ஒன்று, மகள் வகுப்புத் தோழிக்குக் கொடுத்தது ஒன்று. மீதி ஏழும் 340 கிராம். அந்த வாரம் தள்ளுவண்டியில் தக்காளி கிலோ இருபது ரூபாய். அம்மா ரசம் வைத்தார். "நல்ல புளிப்பு, புளியே தேவைப்படல" என்றார். இந்த ஆய்வுக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை அது.

இதை மேலும் கொண்டுசெல்ல எண்ணும் வாசகர்கள் தொட்டியோ விதையோ வாங்க அவசரப்பட வேண்டாம். கார்த்திகை பிறப்பதற்குள் தெற்குச் சன்னலில் ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுங்கள்.