படகு வராத பண்டிகை

அக்னி நட்சத்திர மதியத்தில், மின்விசிறி அனலைச் சுற்றிச் சுற்றி மேலே தள்ளிக்கொண்டிருக்கும்போது, கிறிஸ்மஸ் காதல் நாவல் படிப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. "இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று என் மனைவி கேட்பது நியாயம்தான். புத்தக அட்டையும் என் பக்கம் நிற்பதில்லை. பனி மூடிய வீடு, சன்னலில் மஞ்சள் விளக்கு, தலைப்பின் மேல் ஜிகினா. பேருந்தில் பிரித்தால் பக்கத்து சீட்டுக்காரர் அட்டையைப் பார்க்கிறார், பிறகு என் நரைத்த மீசையைப் பார்க்கிறார். இப்போதெல்லாம் செய்தித்தாளுக்குள் வைத்துப் படிக்கிறேன்.

இந்த வகையில் என் ஓட்டு ஜென்னி கோல்கனுக்கு. ஸ்காட்லாந்துக்காரர். அந்நாட்டின் வடக்குக் கடலில் மியூர் என்று ஒரு தீவைக் கற்பனையில் எழுப்பி, அதில் வரிசையாக நாவல்களைக் குடியமர்த்தியிருக்கிறார். 2018-இல் வந்த ‘ஆன் ஐலண்ட் கிறிஸ்மஸ்’ அவற்றில் ஒன்று. கதாநாயகி ஃப்ளோரா லண்டனுக்கு வேலைக்குப் போய், தீவுக்கே திரும்பி, மறைந்த அம்மாவின் சமையல் குறிப்புகளை நம்பிக் கடைபோட்டவள். காதலன் ஜோயல், லண்டனில் அவளுக்கு முதலாளியாக இருந்த வக்கீல். இப்போது அவள் கர்ப்பம். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாள். வீடு மாற்றி வீடு வளர்க்கப்பட்டவன், குடும்பம் என்றாலே மிரள்பவன். விஷயம் தெரிந்து ஓடிவிட்டால்?

தவிப்பு புரிகிறது. ரகசியம் எப்படித் தாங்குகிறது என்பதுதான் புரியவில்லை. அப்பா, கூடப்பிறந்த மூன்று ஆண்கள், கடைக்கு வந்துபோகும் ஊர் ஜனம், அத்தனை பேரும் ஒரே தீவில். எங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒரு கிலோ மாங்காய் வாங்கினால், அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் மாமியாருக்கு வாழ்த்து போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் கிண்டலோடு விட்டுவிட முடியாத புத்தகம் இது. சாகக் கிடக்கும் கணவனின் அருகே உட்கார்ந்திருக்கிறான் ஃப்ளோராவின் சகோதரன் ஃபின்டன். சிரியாவிலிருந்து அகதியாக வந்த மருத்துவர் சைஃப், மனைவி என்ன ஆனாள் என்று தெரியாமல் இரண்டு பையன்களோடு அந்தக் குளிரில் நாட்களைத் தள்ளுகிறார். ஜிகினா அட்டைக்குள் இவ்வளவு துக்கத்தை மடித்து வைத்ததற்காகவே கோல்கனுக்கு ஒரு கும்பிடு.

கதை இப்படியென்றால், நிஜத் தீவுகளின் சங்கதி இன்னும் வேடிக்கை. இத்தனை நாவல்கள் கிறிஸ்மஸை வைத்துப் பிழைக்கும் ஸ்காட்லாந்தில், 1640-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு கிறிஸ்மஸ் விடுமுறையை ஒழித்தது. டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958-இல்தான். நாற்பது பேர்கூட இல்லாத ஃபவுலா தீவு இன்றும் பழைய காலண்டரைக் கணக்கில் வைத்து ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. ஆர்க்னி தீவுகளில் உள்ள கிர்க்வால் ஊரிலோ, கிறிஸ்மஸ் அன்று ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு தோல் பந்துக்காகத் தெருவில் மணிக்கணக்கில் முட்டி மோதுகிறார்கள். கடைக்காரர்கள் முன்கூட்டியே கதவு சன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுகிறார்கள். கதாநாயகன் மோதிரப் பெட்டியோடு அந்தப் பக்கம் வந்தால் நாவல் அத்தோடு முடிந்தது.

அட்டையில் கொட்டுகிற பனியையும் அவ்வளவாக நம்ப வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூட இருக்காது. அந்த வெளிச்சத்திலும் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது மழையும் காற்றும்தான்.

என் பார்வையில் இந்தத் தீவுக் கதைகளின் உண்மையான நாயகன் அந்தக் காற்று. அபர்டீனிலிருந்து ஷெட்லாந்தின் லெர்விக் ஊருக்குப் பயணிகள் கப்பல் ராத்திரி முழுக்கப் போக வேண்டும், ஏறத்தாழ 12 மணி நேரம். காற்று சற்றே கோபித்தால் அதுவும் ரத்து. பார்ரா தீவிலோ விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குகிறது. கடல் பொங்கினால் ஓடுதளமே தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் நேர அட்டவணையை நிர்ணயிப்பது அலை ஏற்ற இறக்கம்தான். ஆகவே கதாசிரியருக்கு இரண்டு பேரை ஒரே கூரையின் கீழ் மாட்டிவைக்க வேண்டுமா, வில்லன் வேண்டாம், விதி வேண்டாம். வானிலை அறிக்கை போதும்.

வெள்ளைக்கார வாசகர்கள் இதையெல்லாம் வாங்குவது உறவுக்கு ஏங்கி என்று நினைக்கிறேன். நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர், சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் அண்ணன், அடுப்படியில் சாமானை உருட்டும் அத்தை. இவற்றுக்குக் காசு கொடுக்க எனக்கு என்ன தலையெழுத்து? போன பொங்கலுக்கு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று மூன்று பெட்டியோடு இறங்கிய சித்தப்பா குடும்பம் காணும் பொங்கல் தாண்டியும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நம் ஊரில் பண்டிகை என்றால் அரசாங்கமே சிறப்புப் பேருந்து விட்டு உறவினரை அனுப்பிவைக்கிறது. அங்கே இயற்கையே முன்வந்து கப்பலை நிறுத்துகிறது. கப்பல் ரத்து என்ற வரி வரும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடி ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வேன்.

இதை மனைவியிடம் விளக்கினேன். "அப்போ எங்க அம்மாவும் வர முடியாதுன்னு சந்தோஷப்படுறீங்க" என்றாள். நான் செய்தித்தாளைப் படிக்க ஆரம்பித்தேன், இந்த முறை நிஜமாகவே செய்தியை.

படிக்க ஆசைப்படுகிறவர்கள் 2017-இல் வந்த ‘தி சம்மர் சீசைட் கிச்சன்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். நேரே கிறிஸ்மஸுக்குப் போனால் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடாது. சொந்தமாக வாங்கிக்கொள்வது உத்தமம். இரவல் கேட்டு வருவதானால் முதலில் ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள். பெட்டி வேண்டாம்.