கோடிட்ட இடமும் குண்டு விழுந்த இடமும்: ஆங்கில இலக்கணப் பயிற்சிகளின் தேவனாம்பட்டினத் தோற்றம் பற்றி ஓர் ஆய்வு

ஆங்கில இலக்கணப் பயிற்சிகள் அனைத்தும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் தோன்றியவை என்பது இவ்வாய்வின் முடிபு. முடிபை முதலில் எழுதிவிட்டுச் சான்றுகளைப் பிறகு தேடுவது ஆராய்ச்சி உலகில் புதிதல்ல.

முதற்சான்று, 'கோடிட்ட இடத்தை நிரப்புக'. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றுவட்டாரமும் சேர்த்தி. எதுவரை என்று கேட்டால், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை. அதாவது பரப்பளவு என்ற இடத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறார்கள். பீரங்கி அதை நிரப்பியது. அதற்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. விடை எழுதியவரே மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டதால் மறுகூட்டலுக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

இரண்டாவது, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குதல். 'ஐ' போய் 'ஹி' வர வேண்டும், 'ஹியர்' போய் 'தேர்' வர வேண்டும் என்பது விதி. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், அங்கே கம்பெனியின் எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் வேடம் மாறி நழுவித் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். ஆள் மாறியது, இடமும் மாறியது. முழு மதிப்பெண். பத்தாண்டு கழித்து, 1756-இல், அதே கோட்டைக்கு டெபுடி கவர்னராகவும் ஆனார்.

மூன்றாவது, செயப்பாட்டுவினை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரருக்கு அது செய்வினை. ஆங்கிலேயருக்குக் கோட்டை பிடிக்கப்பட்டது. கடைசியில் 'பை லாலி' சேர்ப்பதா விடுவதா என்பது இலக்கணம் சார்ந்ததல்ல, மானம் சார்ந்தது.

ஏனைய வகைகளைச் சுருக்கமாகக் காணலாம்.

ஆர்ட்டிகிள்: 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்துச் சிதம்பரத்திலேயே இருப்பதால், 'யூனிவர்சிட்டி'க்கு முன் 'அன்' போடுபவர்க்கு இம்மாவட்டத்தில் மன்னிப்பில்லை.

டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்: ராமு சோமுவைவிட உயரம் என்பதை மூன்று விதமாக எழுதியும் சோமு ஓர் அங்குலம்கூட வளர்வதில்லை.

கொஸ்டின் டேக்: ஆராயத்தக்கது, இல்லையா?

எதிர்வாதிகள் லிண்ட்லி முர்ரேயைக் காட்டுவர். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய அவர் 1795-இல் ஆங்கில இலக்கணம் ஒன்றும், 1797-இல் அதற்கெனத் தனிப் பயிற்சி நூலும் வெளியிட்டார். பிழையான வாக்கியங்களை மெனக்கெட்டு அச்சடித்துப் பிள்ளைகளைத் திருத்தச் சொல்லும் வழக்கத்தைப் பள்ளிதோறும் பரப்பியவர். குண்டு விழுந்து 107 ஆண்டுகள் கழித்து வந்தவர் என்பதே அவருக்குப் பதில்.

இனி, தமிழ்நாட்டு வீடுகளில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல். அதன் ஆசிரியர் இருவரில் பி.சி. ரென் இந்தியக் கல்வித் துறையில் பணியாற்றியவர். பிரெஞ்சு அயல்நாட்டுப் படையை வைத்து 1924-இல் 'போ ஜெஸ்ட்' நாவலை எழுதியவரும் அவரே. அப்படையின்மேல் அவருக்கு ஆசை வந்தது லாலியால்தான் என்று நிறுவ நிறைய இடமுண்டு. சான்றுதான் இல்லை.

இவ்வாய்வின் தலையாய ஆதாரம், கடலூரில் பல கை மாறிய ஓர் இலக்கணக் கைடு. முன்னட்டை இல்லை, எனவே அதன் காலத்தை எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் முன்னே தள்ளலாம். அதன் 41-ஆம் பக்கத்தில் 'தி ஸன் ____ இன் தி ஈஸ்ட்' என்றொரு வாக்கியம் உள்ளது. இதற்கு உரை கண்டவர் மூவர்.

'ரைசஸ்' என்பார் பென்சிலார் (பக். 41). பொது உண்மைக்குச் சாதாரண நிகழ்காலம் என்ற விதி அறிந்தவர். டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதியவர். 'இஸ் ரைசிங்' என்பார் நீலமையார் (பக். 41, வலது ஓரம், வடைக் கறைக்கு மேல்). இவர் விடியற்காலையில் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். கண்ணெதிரே சூரியன் மேலே வந்துகொண்டிருக்க, அவர் வேறெப்படி எழுதுவார்? 'ஹேஸ் ரைஸன்' என்பார் பச்சைமையார் (பக். 41, மேற்படி வடைக் கறையைச் சுற்றிவந்து கிளம்பும் அம்புக்குறி, அம்பு போய் முட்டும் 43-ஆம் பக்கம், அங்கே ஜான்சி ராணி படத்துக்கு வரையப்பட்ட மீசையின் இடது நுனி). மீசை இடைச்செருகல் என்று ஒதுக்குவாரும் உளர். தங்கள் கொள்கைக்கு ஒத்துவராத எதையும் இடைச்செருகல் என்பது அவர்கள் வழக்கமாதலால், அது பொருட்படுத்தத் தக்கதன்று. பச்சைமையார் இரவெல்லாம் கடலில் வலைபோட்டு, வெயில் ஏறியபின் கரைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

மூவரும் எழுதியது நல்ல ஆங்கிலமே. ஆனால் அந்த வாக்கியத்தை யார், எங்கே நின்று, யாரிடம் சொன்னார்கள் என்பது 41-ஆம் பக்கத்தில் இல்லை. கைடு அதைக் கேட்கவுமில்லை. ஒரு கோடு போட்டு, ஒரு மதிப்பெண் வைத்து, 42-க்குப் போய்விட்டது. அங்கே காத்திருந்தது ராமனால் கொல்லப்பட்ட பாம்பு. பாம்பு யார் வீட்டில் வந்தது, கடித்ததா, ராமன் இப்போது எப்படி இருக்கிறான் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

மேலும் விரிக்கின், தேவனாம்பட்டினக் கடற்கரையில் மூன்று நேரங்களில் களஆய்வு செய்ய நிதி தேவைப்படும். உரையாசிரியர் மூவருள் யார் விடை சரி என்பது, ரென் அண்ட் மார்ட்டின் வழக்கப்படி, 'கீ' என்ற பெயரில் தனிப் புத்தகமாக வரும். விலை தனி.