கரண்டி யார் கையில்?

நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான் ஐயரம்மா. குருப்பட்டம் வாங்கிய கையோடு இளம் ஐயர்மார் ஆசீர்வாதம் கேட்டு எங்கள் குருமனைக்கு வருவார்கள். எங்கள் வீட்டு ஐயர் தலையில் கை வைத்து நீளமாக ஜெபம் பண்ணுவார். நான் வாசல்வரை கூடவே போய், அந்த ஜெபத்தில் விடுபட்டதைச் சொல்லி அனுப்புவேன்.

விடுபட்டதில் முதலாவது, அசன விழாவில் கறிக்கரண்டியைத் தொடக் கூடாது.

அசனம் என்றால் ஊரே கூடும். கோயில் வளாகத்தில் பந்தல், வார்ப்பு வார்ப்பாக ஆட்டுக்கறி, சுவரோரம் வரிசையாகத் தூக்குவாளிகள். அன்றைக்குப் புது ஐயருக்குத் தாழ்மை பொங்கும். அங்கியைக் கழற்றிவிட்டு, கையை மடித்துக்கொண்டு, தானே பரிமாறுகிறேன் என்று இறங்குவார். ஒரு இலையில் நாலு துண்டு விழும், பக்கத்து இலையில் எலும்பு விழும். 'ஐயர் மேலத்தெரு ஆள்' என்பது ரசம் வருவதற்குள் முடிவாகிவிடும். அடுத்த சேகர கமிட்டித் தேர்தலில் அந்த எலும்பே வேட்பாளராக நிற்கும்.

எருசலேமில் ஆதிச்சபைக்கு வந்த முதல் நிர்வாகத் தகராறும் பந்தித் தகராறுதான். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். தினப்படிப் பங்கில் தங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று கிரேக்கு பேசுகிற கட்சிக்கு எபிரெயர்மேல் மனத்தாங்கல். எங்கள் ஊராயிருந்தால் விசாரணைக் கமிட்டி போட்டிருப்போம். கமிட்டி குடித்த டீக்கு யார் பணம் கொடுத்தது என்று இரண்டாவது தகராறு வந்திருக்கும். அப்போஸ்தலர்கள் கரண்டியைத் தொடவே இல்லை. ஏழு பேரைப் பார்த்து எடுங்கள் என்றார்கள். அந்த ஏழு பெயரையும் வாய்விட்டு வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். எபிரெயுப் பெயர் மருந்துக்கும் இல்லை. பெயரை வைத்துப் பார்த்தால், முறுமுறுத்த கட்சியின் கையிலேயே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள்! நான் கேட்ட பிரசங்கங்களில் யாரும் இந்த இடத்தில் நிற்பதில்லை. ஸ்தேவான் கல்லெறிபட்ட இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

நான் இதை ஒவ்வொரு சபையிலும் செய்துபார்க்கச் சொல்லியிருக்கிறேன். மைக் கீச்சிடுகிறது என்று வாராவாரம் வெஸ்திரி வாசலில் வழிமறித்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரிடமே மைக்செட்டை ஒப்படைத்தோம். இன்றும் அது கீச்சிடத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அவரே எழுந்து, 'கரண்டு சரியில்லை' என்று சபைக்கு விளக்கம் சொல்கிறார். கூட்டம் தவறாமல் பழைய கணக்கைக் கிளறிய இன்னொருவரைத் தணிக்கைக்குப் போட்டோம். மெழுகுவர்த்திக்குக்கூட ரசீது கேட்கிறார். கேட்கட்டும்.

பணம் என்றதும் ஒன்று. எருசலேமுக்கான தர்மப் பணத்தைப் பவுல் தன் பையில் போட்டுக்கொண்டு புறப்படவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று, சபைகள் பொறுக்கியெடுத்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் கொரிந்தியரில் இருக்கிறது. எங்கள் முறை இன்னும் எளிது. ஒருவருக்கொருவர் முகம்கொடுத்துப் பேசாத இரண்டு பேரைக் காணிக்கை எண்ணவிடுவோம். ஐந்து ரூபாய் நாணயம்கூடப் பிசகாது.

எல்லா முறுமுறுப்புக்கும் கரண்டி மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் குறை சொல்வதே ஊழியம். அவர்களுக்கு வேலை கொடுத்தால் ஊழியம் கெட்டுவிட்டதென்று கோபித்துக்கொள்வார்கள்.

தலைமைத்துவக் கருத்தரங்கு எங்கே நடந்தாலும் மோசேயின் மாமனார் எத்திரோ வந்துவிடுவார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று அதிபதிகளை வைத்துப் பாரத்தைப் பிரித்துக்கொடு என்று அவர் சொன்னது திரையில் அம்புக்குறிகளோடு வரும். அதே யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தின் தொடக்கம் மட்டும் வராது. எத்திரோ தனியாக வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த சிப்போராளையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளைக் கொண்டுவந்து விட்ட மறுநாளே, மருமகன் காலையில் வழக்குத் தீர்க்க உட்கார்ந்தவர் அந்திசாய்ந்தும் எழுந்திருக்கவில்லை என்றால், எந்த மாமனாருக்குத்தான் நிர்வாக யோசனை தோன்றாது? சிப்போராள் என்ன சொன்னாள் என்பதை அந்த அதிகாரம் எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

அதனால் எங்கள் வீட்டில் திங்கட்கிழமை போன் என் கையில். 'அவசரம்மா' என்பார்கள். மரணமா, ஆஸ்பத்திரியா என்று கேட்பேன். 'இல்லம்மா, கேட்டுக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கலாம்னு...' செயலாளர் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுவேன்.

கட்டடம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் அடிக்கல் நாட்டிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டையானது. நடுவில், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே அச்சாகி வந்துவிட்டது. கட்டடக் கமிட்டியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்தப் புத்தகம் எந்த நேரத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. இப்போது வருகிறவர்களுக்கோ மாற்றல் வருவதற்குள் ஒரு ஆர்ச்சாவது எழும்பியாக வேண்டும், கல்வெட்டில் இயேசுவின் பெயரைவிட ஒரு அங்குலம் பெரிதாகத் தன் பெயர் இருக்க வேண்டும்.

பிரசங்கத்தின் நீளம் பற்றி நான் வெளியில் வாய் திறப்பதில்லை. வீட்டில் மட்டும் சொல்வேன், அதுவும் ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு. முப்பத்தைந்து நிமிடம் ஜனங்களுக்குத் தாங்காது, இருபதோடு நிறுத்துங்கள் என்று பல வருடமாகச் சொல்லிவந்தேன். போன வாரமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, கை கழுவிவிட்டு வந்து, டைரியைப் பிரித்து என் முன்னால் வைத்தார். வருகிற பெண்கள் ஞாயிறுக்கு நேராகப் 'பிரசங்கம்: ஐயரம்மா' என்று எழுதியிருந்தது. அதன் கீழே 'பதினைந்து நிமிடம்' என்று சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. அன்றைக்கு அவர் பீடத்தில் உட்காரமாட்டாராம். முதல் பெஞ்சில், என் இடத்தில், கைக்கடிகாரத்தோடு உட்காரப்போகிறாராம்.