இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்

பொருள் வாங்குவோரைப் பொருளியல் அறிஞர்கள் பல வகையாகப் பிரித்திருந்தாலும், காசு கொடுக்குமுன் ஆடிப் பார்க்க வழியில்லாத வீடியோ கேமை எப்போது வாங்குவது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துகொண்டே இருக்கும் மனிதர் அவர்களுடைய கண்ணில் தனியாகப் படவில்லை என்றே தோன்றுகிறது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களிலும், கோவையின் சரவணம்பட்டியிலும் இவ்வகையினர் மிகுதியாகக் காணப்படுகின்றனர். முப்பத்தைந்தை ஒட்டிய வயது, மாதச் சம்பளம், வீட்டுக் கடன், அந்தக் கடனுக்கு நடுவிலும் எப்படியோ வாங்கிப் பொருத்திய விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை இவருடைய புற அடையாளங்கள். புதிய ஆட்டம் எதைப் பற்றிக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்காம், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்" என்று விடையளிப்பது அக அடையாளம். ஆராய்ச்சி வசதிக்காக இவரைப் பொறுமையாளர் என்று அழைக்கலாம். அவருடைய மனைவி வேறு சொல்லைப் பயன்படுத்துவதுண்டு.

இவருடைய இக்கட்டை விளங்கிக்கொள்ள ஒரு சிறு பொருளியல் பாகுபாடு உதவும். அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிலிப் நெல்சன் 1970-இல் எழுதிய கட்டுரையில், வாங்குமுன்னரே தரத்தைச் சோதித்துவிடக்கூடிய பொருள்களைத் தேடல் பண்டங்கள் என்றும், வாங்கிப் பயன்படுத்திய பிறகே தரம் தெரியவரும் பொருள்களை அனுபவப் பண்டங்கள் என்றும் பிரித்துக் காட்டினார். சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கப்படும் வெண்டைக்காய் முதல் வகையைச் சேர்ந்தது. கடைக்காரர் எவ்வளவு கத்தினாலும் ஒடிக்கும் கை நிற்பதில்லை, ஒடியாத காய் முற்றல் என்பதில் இருதரப்புக்கும் கருத்து வேறுபாடும் இல்லை. வீடியோ கேம் இரண்டாம் வகையின் கடைக்கோடியில் நிற்பது. அது நல்ல ஆட்டமா, அல்லது இருபது மணி நேரம் பொறுத்துக்கொண்டால் அதன்பின் நன்றாக இருக்கும் என்று ரசிகர்கள் சத்தியம் செய்யும் ஆட்டமா என்பது இருபத்தோராம் மணி நேரத்தில்தான் தெரியவரும். மோசமான திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் ஆளை விட்டுவிடும். பிளேஸ்டேஷன் 5-க்கு உரிய பெரிய ஆட்டங்கள் இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு வெளிவரத் தொடங்கிய பிறகு, அவ்வளவு கொடுத்து வாங்கியதை ஆடி முடிக்காமல் விடுவதும் குற்றம், ஆடி முடிப்பதும் தண்டனை என்றாகிவிட்டது.

ஆடிப் பார்த்து வாங்கும் வழி ஒருகாலத்தில் இருந்தது. 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் என்னும் துப்பாக்கி ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவதை எவரும் இலவசமாக ஆடலாம், நண்பர்களுக்குப் படியெடுத்தும் கொடுக்கலாம், பிடித்திருந்தால் மற்றவற்றுக்குப் பணம் அனுப்பலாம் என்று அதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஷேர்வேர் எனப்பட்ட இம்முறையைத் தொடர்ந்து, டெமோ என்ற பெயரில் மாதிரி ஆட்டங்கள் கணினி இதழ்களோடு சி.டி.யில் இணைப்பாக வந்தன. பின்னர் பெரிய ஆட்டங்களுக்கு டெமோ வருவது அருகிப்போயிற்று. குறித்த நாளுக்குள் ஆட்டத்தை முடிக்கவே திணறும் நிறுவனத்துக்கு அதிலிருந்து ஒரு துண்டைத் தனியே செப்பனிட்டுத் தருவது கூடுதல் வேலை. அத்துடன், ஆடிப் பார்த்தவருக்கு அந்தத் துண்டிலேயே ஆசை தீர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. ட்ரெய்லர் இதுவரை எவருடைய ஆசையையும் தீர்த்ததில்லை.

தமிழ்நாட்டுப் பொறுமையாளரின் வரலாற்றில் இதற்கு ஓர் உள்ளூர் அத்தியாயமும் உண்டு. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. 2000-களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியும், ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைத்த திருட்டு சி.டி.களைக் கல்லூரி விடுதி முழுக்கச் சுற்றுக்கு விட்டும் வளர்ந்தவர் அவர். அந்நாளில் ஓர் ஆட்டத்தை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே அவருக்கு எழுந்ததில்லை. சம்பளம் வரத் தொடங்கிய பிறகு, படைத்தவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் என்னும் அறவுணர்வு அவருக்குப் பிறந்தது உண்மை. அது 75 விழுக்காடு தள்ளுபடியோடு சேர்ந்து பிறந்தது என்பதும் உண்மை.

வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் என்னும் இணையக் கடை, 2015 இறுதியில் இந்திய ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. திருமணத்துக்கு அடுத்தபடியாகப் பொறுமையாளரின் வாழ்வில் நீண்டு நிலைத்த உறவு இந்தக் கடையின் விஷ்லிஸ்ட்டோடுதான். விஷ்லிஸ்ட் என்பது, வாங்க விரும்பும் ஆட்டங்களைக் குறித்துவைத்தால் விலை இறங்கும்போது கடையே மின்னஞ்சலில் தெரிவிக்கும் பட்டியல். நூறைத் தாண்டிய அந்தப் பட்டியலின் ஒவ்வோர் ஆட்டமும் இதுவரை தொட்ட மிகக் குறைந்த விலை, அதைத் தொட்ட மாதம், அப்போது அவர் ஏன் வாங்காமல் விட்டார் என்ற காரணம் மூன்றும் அவருக்கு மனப்பாடம். 2,999 ரூபாய் ஆட்டம் 60 விழுக்காடு தள்ளுபடியில் ஏறத்தாழ 1,200 ரூபாய்க்கு வந்து நிற்கும். சென்ற ஆண்டு ஒருமுறை 67 விழுக்காடு தள்ளியிருந்தார்கள் என்பது நினைவிருப்பதால், 210 ரூபாய் வேறுபாடு தன்மானப் பிரச்சினையாகி, வாங்குவது அடுத்த சேலுக்குத் தள்ளிப்போகும்.

ரொனால்ட் கோஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1972-இல் இதையே வேறு வகையில் சொல்லியிருக்கிறார்: நெடுநாள் உழைக்கும் பொருளைத் தனியொருவராக விற்பவர், விலை பின்னால் இறங்கும் என்பதை வாங்குவோர் ஊகித்துவிட்டால், தமக்குத் தாமே போட்டியாளராகிவிடுகிறார்; அவருடைய இன்றைய வியாபாரத்தை அவருடைய நாளைய விலையே கெடுத்துவிடும். கோஸ் எடுத்துக்காட்டாகக் கொண்டது நிலத்தை. ஆயினும் அவருடைய கருதுகோளுக்கு இரத்தமும் சதையுமான சான்று துரைப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறது. நின்டெண்டோ மட்டும் இதற்கு இடம் கொடுக்காமல் தன் ஆட்டங்களின் விலையை எளிதில் இறக்குவதில்லை. 2017-இல் வெளிவந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' பல ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ வெளிவந்த விலையிலேயே விற்றது. அந்நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் பொறுமையாளர் பேச்சை மாற்றிவிடுவார்.

சேல் தொடங்கும் இரவைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். ஸ்டீம் கடையில் தள்ளுபடி தொடங்குவது அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு. கோடையில் அது இந்தியாவில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. கோடை சேல் அன்று பத்தே காலுக்கே வாசல் கதவைப் பூட்டி, கேஸை மூடி, குழந்தை தூங்கிவிட்டதை இருமுறை உறுதி செய்துகொண்டு அவர் கணினிமுன் அமர்வார். பத்தரைக்கு உலகமே ஒரு கடைக்குள் நுழைவதால் பக்கம் திறக்காது, பிழைச் செய்தி வரும். அதையும் அவர் சேலின் சடங்குகளில் ஒன்றாகவே ஏற்றுக்கொள்வார். பக்கம் திறந்ததும் கூடையில் ஏழு ஆட்டங்கள் சேரும். மொத்தத் தொகையைப் பார்த்ததும் ஒன்று கழியும்; நீண்ட விடுமுறை கிடைத்தால்தான் ஆட முடியும் என்று இன்னொன்று கழியும்; முகம் தெரியாத ஒருவர் பிற்பகுதி சலிக்கிறது என்று எழுதியதால் மற்றொன்று. நள்ளிரவுக்குப் பின் உள்ளறையிலிருந்து "இன்னும் தூங்கலையாங்க?" என்ற குரல் வரும்போது, கூடையில் எஞ்சியிருப்பது விஷ்லிஸ்ட்டிலேயே இல்லாத, அன்றிரவுதான் பெயரே கேள்விப்பட்ட, 199 ரூபாய் ஆட்டம் ஒன்று. யு.பி.ஐ. வழியே பணம் நொடியில் போய்விடும். அதன் பழைய விலை என்ன என்று அவர் பார்ப்பதில்லை.

2015 ஜூனில் ஸ்டீம் கொண்டுவந்த ரீஃபண்ட் விதியின்படி, வாங்கிய 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவாயினும் பணத்தைத் திரும்பப் பெறலாம். டெமோ இல்லாத குறையை இது தீர்த்திருக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு மணி நேரம் ஆட்டத்துக்கு உரியதாக இருந்தால்தானே. நாயகனின் மூக்கு நீளத்தையும் தாடி நிறத்தையும் அமைப்பதிலேயே அரை மணி நேரம் கழியும் ஆட்டங்கள் பல. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் பனிமலையில் தொடங்கும் முதல் அத்தியாயம் முடிந்து பரந்த நிலம் கண்ணில் படுமுன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிவிடும். 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' இன்னும் ஒருபடி மேலே போயிற்று: ஷேடர் எனப்படும், ஒளியும் நிழலும் திரையில் எப்படி விழ வேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்களை அந்தந்தக் கணினிக்கு ஏற்பத் தயாரிக்கும் வேலை சிலருக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. அதுவும் ஆடிய நேரமாகவே எண்ணப்பட்டதால், விழுக்காடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கே பாதித் தவணை போய்விட்டது.

பொறுமையாளர் இதற்கும் ஒரு முறை வகுத்திருக்கிறார். கைபேசியில் ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கதைக் காட்சிகள் அனைத்தையும் தாண்டி, உடன்வரும் பாத்திரம் உருக்கமாகப் பேசத் தொடங்கும்போதே பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்து, ஒரு மலை, ஒரு சண்டை, ஒரு குதிரை என்று மாதிரிக்கு ஒவ்வொன்றாகச் சோதித்து முடிப்பார். அலாரம் அடித்ததும் ஆட்டத்தை மூடி, ரீஃபண்ட் படிவம் தரும் காரணங்களில் 'ஆட்டம் சுவாரசியமாக இல்லை' என்பதைத் தேர்ந்தெடுப்பார். அப்படி ஆடியவருக்கு எந்த ஆட்டமும் சுவாரசியமாக இருந்திருக்க வழியில்லையாதலால், அவர் பொய் சொன்னதாகக் கொள்ள முடியாது.

மதிப்புரைகள் அவருக்கு உதவுவதைவிடக் குழப்புவதே மிகுதி. நூற்றுக்கு இத்தனை என்று பல விமர்சகர்களின் மதிப்பெண்ணைச் சேர்த்துச் சராசரி தரும் மெட்டாகிரிட்டிக் 86 என்னும். ஸ்டீமில் 1,400 மணி நேரம் ஆடிய ஒருவர், கடைக்காரரே அந்த நேரத்தை அவர் பெயருக்குக் கீழே அச்சிட்டுக் காட்டுகையில், இதை யாரும் வாங்காதீர்கள் என்று எழுதியிருப்பார். யாரையும் நம்ப முடியாமல் யூடியூபில் வேறொருவர் ஆடுவதைப் பார்க்கத் தொடங்குவார். முதல் ஒரு மணி நேரம் ஆராய்ச்சி. பத்தாம் மணி நேரத்தில் கதையில் ஈடுபாடு. கடைசிக் காட்சியும் முடிந்த பின், கதைதான் தெரிந்துவிட்டதே என்று அந்த ஆட்டம் விஷ்லிஸ்ட்டிலிருந்து நீக்கப்படும். தாம் ஆடாத ஆட்டங்களைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசக்கூடியவர் வேறெந்தத் துறையிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

பொறுமையாளரைத் தனித்து ஆராய்வது முறையாகாது. அவருக்கு எதிர்ப்புறத்தில் முன்பதிவாளர் ஒருவர் இருந்தே தீருவார். ப்ரீ-ஆர்டர் எனப்படும் முன்பதிவு, ஆட்டம் வெளிவருமுன்னரே முழுப்பணத்தையும் கட்டி வைப்பது. பெரும்பாலும் இவர் மனைவியின் தம்பியாக இருப்பார்; முதல் வேலை, முதல் சம்பளம், இ.எம்.ஐ. இல்லாத வாழ்வு. போலந்து நாட்டு நிறுவனம் செய்த சைபர்பங்க் 2077 வெளிவருமுன்னரே அதற்கு 80 லட்சம் பேர் பணம் கட்டியிருந்தனர். அவர்களுள் இந்தத் தம்பியும் ஒருவர். 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தபோது பழைய பிளேஸ்டேஷன் 4-இல் அது தடுமாறிய தடுமாற்றத்தைக் கண்டு, ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது; மறுபடி வைத்தது 2021 ஜூனில்தான். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த டிசம்பர் மாதம் பொறுமையாளரின் பொற்காலம். வாங்காமல் இருந்ததைத் தவிர வேறெதையும் செய்யாதவர், தாமே அந்த ஆட்டத்தைத் தோற்கடித்ததைப் போன்ற பெருமிதத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தித் துணுக்குகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்.

2023 செப்டம்பரில் 2.0 என்னும் பெரிய பேட்ச் வந்து ஆட்டம் நேராயிற்று. பேட்ச் என்பது விற்ற பிறகு பழுதை அடைத்து நிறுவனம் இலவசமாக அனுப்பும் திருத்தம். இப்போதாவது வாங்கியிருக்கலாம், ஆனால் அதே மாதம் ஃபேன்டம் லிபர்ட்டி என்னும் துணைக்கதை தனி விலைக்கு வந்ததால், இரண்டும் சேர்ந்து வரட்டும் என்றிருந்தார். டிசம்பரில் இரண்டும் சேர்ந்து அல்டிமேட் எடிஷன் என வந்தது. அதன் விலை இப்போது அவருடைய கண்காணிப்பில் இருக்கிறது.

இங்கே அவருக்குச் சேர வேண்டிய புகழில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவருடைய விவேகம் முழுவதும் பிறர் காசில் விளைந்தது. முதல் நாளே வாங்கி, சுவருக்குள் சிக்கிக்கொண்டு, பாதி ஆட்டத்தில் சேவ் அழிந்து, கோபத்தோடு புகார் எழுதிய லட்சக்கணக்கானோர் இருந்ததால்தான் பேட்ச் வந்தது. அவர்கள் முழு விலை கொடுத்ததால்தான் பேட்ச் செய்தவர்களுக்குச் சம்பளம் வந்தது. ஊரே பொறுமையாளராக இருந்தால், விலை இறங்குமுன் நிறுவனம் இழுத்து மூடப்பட்டிருக்கும். அவசரக்குடுக்கை என்று அவர் இகழும் மைத்துனர்தான் உண்மையில் அவருடைய டெமோ.

இதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் அறிவார் என்பதற்குச் சான்று ஜி.டி.ஏ. 6 விவகாரத்தில் கிடைக்கிறது. 2025-இல் வரும் என்று அறிவிக்கப்பட்ட அந்த ஆட்டம் 2026 மே 26-க்கும், பிறகு நவம்பர் 19-க்கும் தள்ளிப்போனபோது உலகமே நொந்துகொள்ள, விற்பவரே தம் கட்சிக்கு வந்துவிட்டதாக அவர் மட்டும் மகிழ்ந்தார். முந்தைய ஆட்டமான ஜி.டி.ஏ. 5 கன்சோல்களுக்கு 2013 செப்டம்பரிலும் கணினிக்கு 2015 ஏப்ரலிலும் வந்ததைக் கணக்கில் கொண்டு, கணினிக்கு எப்போது வரும், அதன்பின் பாதி விலைக்கு எப்போது இறங்கும் என்று அவர் போட்ட கணக்கில், மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு குறுக்கே வந்தது. அதுவரை ஆட்டம் எப்படி என்று அறியாமல் இருக்க முடியாதல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது மைத்துனரிடம், "மச்சான், இதுக்கெல்லாம் யோசிக்கவே கூடாது, முதல் நாளே வாங்கிடு" என்று, தம் வாழ்நாள் கொள்கைக்கு நேர்மாறாக, மிகுந்த அக்கறையோடு அறிவுரை சொன்னார். "இல்ல மாமா, தை மாசம் கல்யாணத்த வச்சிக்கிட்டு அவ்ளோ காசு போட முடியாது. ஆஃபர்ல பாத்துக்கலாம்" என்று மைத்துனர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் அலுவலகக் கேன்டீனில், அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த பையன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்குத் தட்டோடு சென்று, வழக்கத்துக்கு மாறாகத் தாமே பேச்சைத் தொடங்கினார்: "தம்பி, ரூம்ல பி.எஸ். 5 வச்சிருக்கியா?"