ஏழாம் நம்பர் அப்பா

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இன்னும் இருக்கிறது, புழக்கத்தில்தான் இல்லை. மகன் காற்பந்து கிளப்பில் சேர்ந்து, முதுகில் 7 என்று அச்சிட்ட சட்டையைப் போட்ட அன்றே அவர் ‘ஏழாம் நம்பர் அப்பா’ ஆகிவிட்டார். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. “நாலாம் நம்பர் அப்பா இன்னும் காசு கட்டல”, “பதினொண்ணாம் நம்பர் அம்மா ஆரஞ்சு கொண்டு வர்றாங்க” என்றுதான் பேச்சு. கோல்கீப்பரின் தாத்தாவை எல்லாரும் ‘நம்பர் ஒன்’ என்கிறார்கள். வாழ்நாளில் தன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று அவர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடுவதில்லை.

இந்த அப்பா இனத்தைச் சனிக்கிழமை விடியற்காலையில் சிங்கப்பூர்த் தீவு முழுவதும் பார்க்கலாம். நான் கவனித்து வருபவர் கிளமெண்டிக்காரர். தோளில் குளிர்ப்பெட்டி, முதுகில் மடக்கு நாற்காலி, கழுத்தில் சின்ன விசிறி, கக்கத்தில் கோல்ஃப் குடை. பக்கத்தில் வெறுங்கையோடு தூங்கிக்கொண்டே ஒரு பத்து வயதுப் பையன் நடந்து வருவான். அவன்தான் விளையாட்டு வீரன்.

சிங்கப்பூர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வடக்கு தெற்காக அதில் பாதிதான். எவ்வளவு முயன்றாலும் இங்கே தூரமாகப் போக முடியாது; கடல் வந்துவிடும். ஏழாம் நம்பர் அப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை. தெம்பனிஸில் ஆட்டம் என்றால் “ஈஸ்ட் பக்கம் போறோம்” என்று அலுவலகத்தில் புதன்கிழமையே சொல்லத் தொடங்குவார். கேட்பவர்கள் ஐரோப்பாவின் கிழக்கு என்று நினைத்துக்கொள்ளும்படியான குரல் அது. உண்மையில் கிளமெண்டியிலிருந்து தெம்பனிஸுக்கு எம்ஆர்டியில் 21 நிறுத்தம். ஒரே பச்சைத் தடம். வண்டி மாறக்கூட வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படத்தின் இடைவேளை வருவதற்குள் இறங்கிவிடலாம்.

அவர் கணக்கு வேறு. எட்டரை மணி ஆட்டத்துக்கு ஏழரைக்குத் திடலில் இருக்க வேண்டும் என்பார் பயிற்றுவிப்பாளர். ரயில் தாமதமாகலாம் என்று அரை மணி. நிலையத்திலிருந்து திடலுக்கு வழி தவறலாம் என்று கால் மணி. பையன் கழிப்பறை போக நேரலாம் என்று இன்னொரு கால் மணி. கூட்டிப் பார்த்தால் முதல் ரயிலுக்கு முந்திய ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே கிராப் கார். சொந்தக் கார் வாங்கலாமா என்று ஒருமுறை யோசித்தார். கார் உரிமைச் சான்றிதழான சிஓஇயின் விலை மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. “பையன் புரொஃபெஷனல் ஆனதும் வாங்கித் தருவான்” என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் தனியாகப் போய்த் திடலைப் பார்த்துவிட்டு வருவதும் உண்டு. “கார்னர் பக்கம் லேசா மேடு இருக்கு” என்று குழுவில் செய்தி போடுவார். செயற்கைப் புல் விரித்துச் சமன்படுத்திய திடலில் மேடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. போய்ப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே.

பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம் என்பது பாதிக்கு இருபது நிமிடம். எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று பயிற்றுவிப்பாளர் மாற்றி மாற்றி இறக்குவார். ஏழாம் நம்பருக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தால் நல்ல நாள். அதற்குள் வானம் கறுக்கும். சிங்கப்பூரில் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாள்களில் எங்காவது இடி இடிக்கும். மின்னல் எச்சரிக்கை வந்தால் சட்டம் கண்டிப்பு. “கேட் ஒன்! கேட் ஒன்!” என்று ஏற்பாட்டாளர் கத்தியதும் இரு அணிகளும் நடுவரும் கூரைக்கடியில் ஓடிவிடுவார்கள். அப்பாக்களின் உண்மையான ஆட்டம் அங்கேதான் தொடங்கும். எதிரணி எட்டாம் நம்பருக்கு மீசை அரும்புவதைச் சுட்டிக்காட்டிப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது, நடுவருக்கு ஆஃப்சைடு விதி தெரியுமா என்று ஐயம் எழுப்புவது, எந்த அகாடமியில் என்ன கட்டணம் என்று ஒருவரையொருவர் ஆழம் பார்ப்பது. பிள்ளைகள் அந்நேரம் எதிரணிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போக்கிமான் அட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். எதிரணி என்ற நினைவு அப்பாக்களிடம்தான் பத்திரமாக இருக்கும்.

கிளமெண்டியிலேயே ஸ்டேடியம் இருக்கிறதே, அங்கே ஆட்டம் வராதா? வரும். வெஸ்ட் கோஸ்ட் வாக்கில் இருக்கும் அந்தத் திடலுக்கு வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அந்த வாரம் மட்டும் ஏழாம் நம்பர் அப்பா தாமதமாக, நாற்காலிகூட இல்லாமல், ரப்பர்ச் செருப்போடு வருவார். “ஃப்ரெண்ட்லி மாதிரிதான்” என்பார். புள்ளிப் பட்டியலில் சேரும் ஆட்டம்தான் அதுவும். நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் மூன்று புள்ளியை அவரால் மதிக்க முடிவதில்லை. கேட்டால் நல்ல அணிகளெல்லாம் கிழக்கில் இருப்பதாகச் சொல்வார். கிழக்கே பிடோக்கில் இருக்கும் அப்பாக்கள் நல்ல அணிகளெல்லாம் மேற்கில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, விடியற்காலையில் ஜூரோங்குக்கு எதிர்த்திசை ரயில் ஏறுகிறார்கள்.

லீக் அமைப்பில் அவருக்குக் கருத்துகள் உண்டு. 2023இல் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கமும் ஸ்போர்ட்எஸ்ஜியும் ‘அன்லீஷ் தி ரோர்’ திட்டத்தின்கீழ் சிங்கப்பூர் இளையர் லீக்கைத் தொடங்கியபோது அவரளவு மகிழ்ந்தவர் யாருமில்லை. மகனை அதன் மேல்பிரிவு வரை கொண்டுபோவது இலட்சியம். இப்போதைக்கு வார இறுதிப் போட்டிகளின் அட்டவணையே கையில் இருப்பது. அதைச் சீர்திருத்த எக்செலில் ஒரு திட்டம் தீட்டினார். அமெரிக்காவில் பிள்ளைகளின் லீக் ஆட்டத்துக்குப் பெற்றோர் நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டுவது சாதாரணம், அதனால் அங்கே வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தார். நாமும் மேற்கு மண்டலம், கிழக்கு மண்டலம் என்று பிரித்து, பயணச் சோர்வைக் குறைத்து, இறுதிச் சுற்றை மட்டும் நடுவில் பீஷானில் வைக்கலாம் என்றார். கிளமெண்டியிலிருந்து நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டினால் கோலாலம்பூரையே தாண்டிவிடலாம் என்பதை நாலாம் நம்பர் அப்பா குழுவில் சுட்டிக்காட்டினார். திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. மேற்கு மண்டலத்தில் வரக்கூடிய அணிகளின் பட்டியலைப் பார்த்ததும் எதிர்த்து வாக்களித்த முதல் ஆள் ஏழாம் நம்பர் அப்பாவே. எல்லாம் பக்கத்து பக்கத்து ஊர்களாக இருந்தன.

இந்த வெறி எங்கிருந்து வந்தது? 1998இல் பிரதமர் கோ சோக் தோங், 2010 உலகக் கிண்ணத்தில் சிங்கப்பூர் ஆட வேண்டும் என்று தேசிய தினக் கூட்டத்தில் ஆசைப்பட்டார். அதற்கு ‘கோல் 2010’ என்று பெயரும் வைத்தார்கள். அப்போது நம்மவருக்குப் பதினான்கு வயது. 2010இல் இருபத்தாறு, தாக்குதல் ஆட்டக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான வயது உண்டா? நாடே தம்மை மனத்தில் வைத்துத் திட்டமிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். 2010இல் உலகக் கிண்ணம் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அவர் காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தார். இப்போது இலக்கு 2034 உலகக் கிண்ணம். மகனுக்கு அப்போது பதினெட்டு. கணக்கு மறுபடியும் கச்சிதமாக வருகிறது. உலகக் கிண்ண அழைப்பும் தேசிய சேவை அழைப்பும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வரக்கூடும் என்பது ஒன்றுதான் இடிக்கிறது. 2025 நவம்பரில் சிங்கப்பூர் அணி ஹாங்காங்கிலேயே ஹாங்காங்கை 2-1 என்று வென்று, தன் ஆட்டத்தாலேயே முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற இரவில், “பார்த்தியா, வெளியூர் ஆட்டம்!” என்றுதான் மனைவியை எழுப்பினார்.

மனைவிக்கு உலகக் கிண்ணம் பற்றி ஆசையில்லை. விளையாட்டுத் திறனைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கும் நேரடிச் சேர்க்கை முறை 2004இலிருந்து இருக்கிறது. அவருடைய பார்வை அதன் மேல். “ஏங்க, அவன் கோல் போடுற வீடியோவை வெட்டி வச்சிருக்கீங்களா?” என்பது மட்டுமே அவர் கேட்கும் கேள்வி. வீடியோ நிறைய உண்டு. பந்து வலைக்குள் போகும் நேரத்தில் மட்டும் காட்சி வானத்துக்குப் போய்விடும்; எடுப்பவர் குதிக்கிறார்.

வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஃபேரர் பார்க் திடலில் வெறுங்காலோடு ஆடியவர். 1977 மே மாதம் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் சிங்கப்பூர் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, இரவு பஸ்ஸில் கோலாலம்பூர் போய்க் கத்தித் தொண்டை கட்டித் திரும்பியவர். சமது அல்லாபிச்சை, எஸ். ராஜகோபால் என்று அந்த அணியின் பெயர்களை இன்றும் சொந்தக்காரர்கள் பெயர்போல் சொல்வார். “கேமல் ராஜகோபால் அடிக்கிற ஃப்ரீ கிக் வாழைப்பழம்போல வளையும்டா. அதைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ல போனோம். நீ எதைப் பார்க்க தெம்பனிஸுக்குக் கார் புக் பண்ற?” என்று மகனைக் கேட்பார். புளோக்கின் கீழ்த்தளத்தில் பேரன் தெருப் பிள்ளைகளோடு ஆடுவதைத்தான் அவர் ஆட்டம் என்பார். அதற்கும் வழியில்லை, ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை அங்கே தொங்குகிறது. நான்கு நிறுத்தம் தள்ளிக் குவீன்ஸ்டவுனில், 2016இல் மெய் லிங் ஸ்திரீட் 143ஆம் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தாட்டத்தைத் தடுக்க இரும்புத் தடுப்பே நட்டார்கள். ஊர் சிரித்த பிறகு சிலவற்றை எடுத்தார்கள். மின்தூக்கியில் இறங்கினால் கிடைக்கக்கூடிய ஆட்டத்தைத் தடுத்துவிட்டு, அதையே மாதச் சந்தா கட்டித் தீவின் மறுகோடியில் தேட வைத்திருக்கிறோம் என்பது பெரியவரின் கட்சி.

ஏழாம் நம்பர் அப்பாவின் வாழ்க்கையில் பொன்னான நாள், கிளப் ஜொகூர் பாருவில் ஒரு போட்டிக்குப் போனதுதான். கடவுச்சீட்டு வேண்டிய ஆட்டம்! 1924இல் திறந்த தரைப்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். பள்ளி விடுமுறை வார இறுதியில் அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், அம்மாக்கள் சலித்துக்கொண்டார்கள், எலுமிச்சைச் சாதம் பாலத்திலேயே தீர்ந்துபோனது. முதல் ஆட்டத்தைத் தவறவிட்டு, அடுத்த இரண்டிலும் தோற்றார்கள். ஏழாம் நம்பர் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. கடைசியில் தீவு அவருக்கு ஒரு தூரத்தைக் கொடுத்துவிட்டது. “இன்டர்நேஷனல் எக்ஸ்போஷர்” என்று இன்றும் சொல்கிறார். ஜொகூருக்கு ஐந்து நிமிடத்தில் கொண்டுவிடும் ஆர்டிஎஸ் ரயில் வரப்போகிறது என்று யாராவது சொன்னால் முகம் வாடிவிடும்.

போன மாதம் பையன் சாப்பாட்டு மேசையில் மெதுவாகச் சொன்னான்: “அப்பா, நான் பேட்மிண்டனுக்கு மாறிக்கவா? நல்லா வருதுன்னு சார் சொல்றார்.”

பெரியவரும் அம்மாவும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. லோ கியன் இயூ 2021இல் உலக வெற்றியாளர் ஆனதெல்லாம் அவருக்கும் தெரியும். தண்ணீர் குடித்தார், யோசித்தார்.

“சரி, பயிற்சி எங்கே?”

“இங்கதான்ப்பா, அவென்யூ 3. ஸ்போர்ட்ஸ் ஹால்ல. நானே நடந்து போயிடுவேன்.”

“நடந்தேவா?” என்றார் ஏழாம் நம்பர் அப்பா. தட்டைத் தள்ளி வைத்தார். “அப்ப அது சீரியஸான கேம் இல்லை.”