மாப்ளே, மீனுக்கு ஜாதகம் பாக்காதே

உக்காருடே மாப்ளே. உங்கம்மா உனக்குப் பொண்ணு பாக்கதுக்கு மூணு புரோக்கர மாத்திட்டா. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில்னு ஒரு ஊரு பாக்கியில்ல. நீ என்னடான்னா முன்ரூம்ல கண்ணாடித் தொட்டிய வச்சி, உப்புத்தண்ணி ஊத்தி, அதுல விட்ட மீனுல எது ஆணு, எது பொண்ணுன்னு எங்கிட்ட வந்து கேக்க. குத்தாலத்துக்குப் போனாலும் அருவிக்கு அஞ்சடி தள்ளி நின்னு நனையுற பய, ராயகிரியில கடல் வச்சிருக்கான்!

உப்பு விசயத்துல உன்னக் கொற சொல்லமாட்டேன். தூத்துக்குடி உப்பு இருக்கையில பாக்கெட்டு உப்பு எதுக்குன்னு ஊரே சிரிக்குது. சிரிக்கட்டும். சமையல் உப்பக் கரைச்சா அது கடலாயிராது. கால்சியம், மெக்னீசியம்னு கடல்ல எத்தனையோ கலந்து கெடக்கு. லிட்டருக்கு 35 கிராம் கணக்குல நிறுத்துப் போடுத பாத்தியா, அது சரி. அவ்வளவு கணக்குப் பாக்கத் தெரிஞ்சவன், கடைக்காரன் 'கன்பார்ம் ஜோடி சார்'னு சொன்ன ஒடனே ரெண்டு மீனுக்கு மூணு மீனு துட்டக் குடுத்துட்டு வந்திருக்கியே, அங்கதான் எனக்கு சிரிப்பாணி தாங்கல.

பாம்புக்கோவில் சந்தையில ஆடு புடிக்கப் போனா, கெடாவா பெட்டையான்னு இருட்டுக்குள்ள தடவிப் பாத்தே சொல்லிருவேன். கடல்மீனுக்கு வாலத் தூக்குனா அங்க வாலுதாம்டே இருக்கும்.

நீ வாங்கிட்டு வந்திருக்கியே, ஆரஞ்சு மேல வெள்ளப்பட்ட போட்ட கோமாளி மீனு, அதுல பொண்ணாப் பொறந்ததுன்னு ஒண்ணுகூடக் கெடையாது. மொதல்ல ஆகுறது ஆணுதான். கடல்ல ஒரு கடற்சாமந்திக்கு ஒரு குடும்பம். இருக்கதுலயே பெருசு எதுவோ அது பொண்ணு. அதுக்கு அடுத்த உருப்படி ஆணு. மிச்சம் சொச்சம் நாலஞ்சு பொடிசுக ஆணும் இல்லாம பொண்ணும் இல்லாம வரிசையில காத்துக் கெடக்கும். பொண்ணு செத்துட்டுன்னு வையி, புருசங்காரன் மூலையில உக்காந்து அழமாட்டான். கொஞ்ச நாள்ல அவனே பொண்ணாயிருவான். பொடிசுல மூத்தது ஆணாகி அவளுக்கு மாப்பிள்ளையா வந்துரும். ஒரு தடவ பொண்ணாயிட்டா ஆயிட்டதுதான், திரும்பி வர வழி கெடையாது.

அந்தப் பொடிசுக இருக்கே, பெரிய கள்ளனுவ. மேல இருக்கவனவிட வளந்துட்டா அடிச்சு வெரட்டிருவான்னு தெரிஞ்சு, வளத்தியத் தானே அடக்கி வச்சிக்கிடும். பீட்டர் பஸ்டன்னு ஒருத்தரு பப்புவா நியூ கினிக் கடல்ல முங்கிப் பாத்து, 2003-ல இத எழுதியிருக்காரு. நம்ம கூட்டுறவு சங்கத்துல இதவிடப் பெரிய ஆளெல்லாம் இருந்தாங்க, அவுகள யாரு எழுதுனா?

சரி, கடைக்காரனத் திட்டாம ஒன் தொட்டிய எப்படிப் பாக்கன்னு சொல்லுதேன். ராத்திரி சாப்புட்டுட்டு போன தூர வச்சிட்டு தொட்டி முன்னால உக்காரு. கை தட்டாத, வெளிச்சம் அடிக்காத. பெருசு பக்கத்துல வரும்போது சின்னது ஒருக்களிச்சுச் சாஞ்சு ஒடம்ப வெடவெடன்னு ஆட்டும். வலிப்புன்னு நெனச்சு மருந்து ஊத்திராத, அது கும்பிடு போடுது. 'ஆத்தா, ஒனக்கு நான் அடக்கம்'னு சொல்லுது. ரெண்டுல நடுங்குறது ஆணு, இல்ல ஆணாகப் போறது. நடுங்க வைக்கது வீட்டம்மா. முட்டையப் போட்டுட்டு அவ பாட்டுக்குப் போயிருவா. துடுப்பால விசிறிவிடுறது, கெட்ட முட்டையப் பொறுக்கி எடுக்கது, காவல் காக்கது எல்லாம் பெரும்பாலும் ஆம்பளைக்குத்தான் எழுதியிருக்கு. ஒரு வாரம் பத்து நாளு இந்தப் பாடு, பெறவு பொழுது அடைஞ்சதும் குஞ்சு வெளிய வரும். நேத்து உங்கம்மா ஒரு போட்டோ காட்டுனா. பொண்ணு உன்னவிட ரெண்டு அங்குலம் ஒசரமாம். மீனுக் கணக்குல பாத்தா ரொம்பப் பொருத்தம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க இந்த மீனத் தொட்டியிலயே முட்டையிட வச்சிருக்காங்க. பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையத்துலயும் செஞ்சிருக்காங்க. அங்கன யாரும் பொண்ணு வீடு, மாப்பிள்ள வீடுன்னு தேடி அலையல. நாலஞ்சு குட்டிய ஒண்ணா விட்டுட்டு மாசக்கணக்குல பொறுமையா இருக்காங்க. எது முந்துதோ அது பொண்ணு. அதனால நீயும் அடுத்த வாட்டி, ஒண்ணு கொஞ்சம் பெருசு, ஒண்ணு கொஞ்சம் சிறுசுன்னு ரெண்டு குட்டிய வாங்கு, பண்ணையில பொரிச்சதா வாங்கு. ஜோடிக்குத் தனிக் காசு குடுக்காத. நல்லா இருக்குன்னு ரெண்டு தடியன வாங்கிட்டு வந்தேன்னா, ரெண்டுமே பொண்ணா இருக்கலாம். ஒரு வீட்டுல ரெண்டு எசமானியம்மா இருந்தா என்ன ஆகும்? காலையில ஒண்ணு தரையில கெடக்கும். கருஞ்சிவப்புல ஒரு கோமாளி விக்கான் பாரு, அதுல பொண்ணு கையளவு, மாப்பிள்ள வெரலளவு. அதப் பாத்தும் எது எதுன்னு நீ கேட்டா நான் கண்ணாஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்.

அதுக்காகப் பெருசெல்லாம் பொண்ணுன்னு முடிவு கட்டிராதடே கோட்டிக்காரா. களவா அப்படியே தலகீழ். சின்னதுல பொண்ணு, பெருத்த பெறவு ஆணு. எலுமிச்சங்கா லோடு ஏத்திக்கிட்டு நான் தூத்துக்குடிக்குப் போன காலத்துல கரையில ஒரு ஆளு கனத்துக்குக் களவா வந்து எறங்கும். பெருசு பெருசாப் பாத்துப் புடிச்சுக்கிட்டே இருந்தா கடல்ல ஆம்பள எங்கேருந்து இருக்கும்? பண்ணைக்காரங்களுக்கும் இதே சங்கடம்தான். ஆணு ஆகுற வரைக்கும் வருசக்கணக்குல காத்திருக்க முடியாம, ஹார்மோன் குடுத்துப் பொண்ண ஆணாக்குறாங்க. கொடுவா நம்ம கோமாளி கட்சி. சின்னதுல ஆணு, கனத்த பெறவு பொண்ணு. முட்டுக்காட்டுல உவர்நீர் மீன் ஆராய்ச்சிக்காரங்க 1997-ல கொடுவாவ அடைச்சு வச்சே குஞ்சு பொரிக்க வச்சாங்க. அவங்களுக்கும் பொண்ணு வேணும்னா பெரிய உருப்படிதான் வேணும். போன ஞாயித்துக்கெழம நீ கொழம்புல தேடித் தேடித் தின்னியே, அது அம்மாவா அய்யாவான்னு அப்பக் கேக்கத் தோணல!

தொட்டிக்காரங்க ஆசையா வாங்குற துப்புரவு மீனு ஒண்ணு உண்டு. நீலமா, ஒடம்பு நீளத்துக்குக் கருப்புக்கோடு போட்டிருக்கும், மத்த மீனு வாயில பூந்து பூச்சி பொறுக்கும். அதுல ஒரு ஆணுக்கு அஞ்சாறு பொண்டாட்டி. அவன் செத்தா, ரெண்டு மணி நேரம் ஆகாது, மூத்தவ அவன் போன ரோந்தத் தானே போக ஆரம்பிச்சிருவா. ரெண்டு மூணு வாரத்துல முழு ஆணு. ஆஸ்திரேலியாவுல பெரும் பவளத்திட்டுல ராபர்ட்சன்னு ஒருத்தரு பாத்து 1972-ல எழுதுனது இது. நம்ம வீடுகள்ல பதினாறாம் நாளு காரியம் முடியுற வரைக்குமாவது சொத்துப் பேச்சு எடுக்கமாட்டாங்க.

கண்ணால பாத்துச் சொல்லக்கூடிய மீனும் இல்லாம இல்ல. சுறாக்குட்டியத் திருப்பிப் பாரு. வயித்துப் பக்கம் பின்துடுப்ப ஒட்டி ரெண்டு தண்டு நீட்டிக்கிட்டு இருந்தா ஆணு. மாண்டரின் மீனுல ஆணுக்கு முதுகுல மொதல் முள்ளு கொடிக்கம்பமா ஒசந்து நிக்கும். நீலக் குட்டி டாம்சல்ல, சில கடல் பக்கம் ஆணுக்கு வால் ஆரஞ்சு. கடல்குதிரையில வயித்துப் பை வச்சிருக்கவன் ஆணு, புள்ள சொமக்கதும் அவந்தான். ஆனா அது பக்கமே போயிராத. 2001-லயே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல சேத்துட்டாங்க, பவளத்தையும் சேத்துத்தான். 'பை இருக்கா பாக்கேன்'னு நீ குனிஞ்சா, பின்னால வனத்துறை நிக்கும். வண்ணத்துப்பூச்சி மீனுலயெல்லாம் வெளியில ஒரு வித்தியாசமும் தெரியாது. முட்டைக்குத் தயாராகுற நேரத்துல மட்டும் சில மீனுல வயித்துக்கடியில ஒரு சின்னக் குழாய் எட்டிப்பாக்கும். பொண்ணுக்குத் தடிச்சு மழுங்கி, ஆணுக்குக் கூரா. அதப் பாக்க எங்கண்ணு பத்தாது, ஒனக்குப் பொறுமை பத்தாது.

இன்னொரு விசயம் சொன்னா நீ தொட்டிய வித்துருவ. பவளக் கெளைக்குள்ள ஒளிஞ்சிருக்க கோபின்னு ஒரு குட்டி மீனு, போயிட்டுத் திரும்பியும் வரும். ரெண்டு பொண்ணு மாட்டிக்கிட்டா ஒண்ணு ஆணாகும், ரெண்டு ஆணு மாட்டிக்கிட்டா ஒண்ணு பொண்ணாகும். அதுக்குக் கடைக்காரன் 'கன்பார்ம்'னு சொன்னா நம்பலாம், எந்த ரெண்டக் குடுத்தாலும் பொய்யாகாது.

உந்தங்கச்சி மீனுக்குப் பேரு வைக்கணும்னு குதிக்காளாமே. ரோசி, ராக்கின்னு வச்சிட்டு அடுத்த வருசம் மாத்திக்கிட்டு இருக்காதீங்க. நம்ம பக்கம் பேருக்கு என்ன பஞ்சம்? மாரி, பேச்சி, இசக்கி, முத்துன்னு மொட்டையா வச்சிருங்க. எது நடுங்க வைக்குதோ அதுக்குப் பின்னால 'அம்மாள்' சேத்துக்கிடுங்க. நடுங்குறதுக்கு 'அப்பன்' போடுங்க, ஆனா பென்சில்ல எழுதுங்க.